படத்தில் இல்லாத குழந்தை

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பயமான நாளாக இருந்தது. மற்ற நாட்களுக்கு ரயில்வே ஆபீஸ் இருந்தது. காலையில் தலை சீவிக் கிளம்பினால் சாயங்காலம் வரை ஃபைல்களும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்த நாளை என்ன செய்வதென்று தெரியாது. சில ஞாயிறுகளில் சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போதுதான் அன்றைக்கு என் குரலை நானே முதல் தடவையாகக் கேட்பேன்.

என் கணவர் சமயநல்லூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்கு மதுரை ஆபீஸில் குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். மாமனார் வீடு வாடிப்பட்டியில். போனால் வா என்பார்கள், கிளம்பினால் இரு என்று சொல்ல மாட்டார்கள். பேரையூரில் அண்ணன் இருந்தார். "தனியாக் கெடந்து என்ன செய்யப் போற, இங்க வந்துரு" என்று நான் கிளம்பும்போதெல்லாம் சொல்வார். அண்ணி அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதாவது எடுக்கப் போயிருப்பார்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு அப்போது வீடு கிடைப்பது சுலபமில்லை. எங்கே போனாலும் "கூட யாரு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் இருந்த அந்த வீட்டுக்கார அம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை. "தண்ணி கிணத்துலதான் எறைச்சுக்கணும், பரவால்லையா பேட்டி?" என்று கேட்டார். பேட்டி என்றால் மகளே என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் உருது பேசுகிற முஸ்லிம்கள். அந்த அம்மா மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழும் நம் ஊர்த் தமிழாகவே இருக்கும். பாத்திரக்கடை வைத்திருந்த கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சவூதியில். கீழே அவரும் மருமகளும் இருந்தார்கள், மாடியில் நான்.

மருமகளுக்கு வாணியம்பாடி. கலகலப்பான பெண். கிணற்றடியில் என்னைப் பார்த்தால் என் வாளியையும் சேர்த்து இறைத்து வைத்துவிடுவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் கணவன் திரும்பிப் போய்விட்டான். அடுத்த வருஷம் விடுப்பில் வந்தபோது ஒரு கலர் டிவி கொண்டு வந்தான். அவன் போன பிறகுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் அதைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தான்.

எங்கள் சந்தில் அதுதான் ஒரே கலர் டிவி. கொடைக்கானலில் டவர் வைத்த புதிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து ஓர் இந்தி நாடகம் வரும். பெரிய நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கிற கதை. வாரம் ஒரு நோயாளி வருவார், என்ன வியாதி என்று தெரியாமல் டாக்டர்கள் திண்டாடுவார்கள், கடைசியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்வீட்டு அக்கா, அவளுடைய நாத்தனார், தையல்காரர் வீட்டுப் பெண்கள் என்று கூடம் நிறைந்துவிடும். அவர்கள் யாருக்கும் இந்தி தெரியாது. மருமகள்தான் டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உருதுவும் இந்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், எல்லோருக்கும் தமிழில் சொல்லுவாள்.

அவள் சொல்லுகிற விதமே ஒரு நாடகம் மாதிரி இருக்கும். பெரிய டாக்டருக்கு ஒரு குரல், நர்ஸுக்கு ஒரு குரல். "இவரு மூஞ்சியப் பாருங்க, அந்த நர்ஸு மேல ஒரு கண்ணு இவருக்கு. வசனம் ஒண்ணும் இல்ல, நானாத்தான் சொல்றேன்" என்பாள். கூடமே சிரிக்கும். நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து சிரிப்பேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமையைத் தாங்கிக்கொண்டேன் என்று சொல்லலாம்.

எனக்கு இந்தி தெரியும் என்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆபீஸில் சாயங்காலம் வேலை முடிந்த பிறகு இந்தி வகுப்பு நடத்துவார்கள். வீட்டுக்குச் சீக்கிரம் போய் என்ன செய்யப் போகிறோம் என்று நான் சேர்ந்து பரீட்சைகளும் எழுதியிருந்தேன். நாடகத்தில் பேசுவது முக்கால்வாசி எனக்கே புரியும். ஆனாலும் அதை வெளியில் சொல்லத் தோன்றவில்லை. ஒரே விஷயத்தை முதலில் டிவியிலும் பிறகு அவள் வாயாலும் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் அந்தச் சுகம் போய்விடும்.

பிரசவம் முடிந்து குழந்தையோடு திரும்பி வந்த பிறகு அவள் மாறியிருந்தாள். உடனே கவனித்தேன் என்று சொன்னால் பொய். பச்சை உடம்பு, தூக்கம் கிடையாது, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்மாதிரியே தமிழில் சொன்னாள். குரல்கள் மட்டும் இல்லை. டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லோரும் ஒரே குரலில், ரேஷன் கார்டைப் படித்துக் காட்டுகிற மாதிரி பேசினார்கள். எதிர்வீட்டு அக்கா, "என்ன புள்ள, சொரத்தே இல்லாமச் சொல்ற?" என்று கேட்பாள். "தூக்கம் இல்லக்கா" என்பாள்.

குழந்தைக்கு அஞ்சாறு மாதம் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்றைக்கு நாடகத்தில் வந்த நோயாளி ஓர் இளம்பெண். ஒருநாள் காலையில் எழுந்திருக்கும்போது அவளால் நடக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முழங்காலில் சுத்தியலால் தட்டுகிறார்கள், பாதத்தில் ஊசியால் குத்துகிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. பெரிய டாக்டர், இவள் நடிக்கிறாள், வீட்டுக்கு அனுப்புங்கள் என்கிறார். புதிதாக வந்த ஒரு பெண் டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நோய் காலில் இல்லாமல் இருக்கலாம், அதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கிறாள். இதுவரைக்கும் மருமகள் சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிறகு அந்தப் பெண் டாக்டர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, என்ன நடந்தது, என்னிடம் சொல் என்கிறாள். வெகு நேரம் கழித்து நோயாளி பேச ஆரம்பித்தாள். கடைத்தெருவில் தன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததையும், ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டிய நேரத்தில் கால் நகராமல் தான் அப்படியே நின்றதையும் சொன்னாள். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களாகத்தான் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

மருமகள் சொன்னாள்: "என் கை என் கை மாதிரி இல்லங்கறா. எல்லாரும் பேசறது எங்கயோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசற மாதிரி கேக்குதுங்கறா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ளயத் தூக்கினா யாரு வீட்டுப் புள்ளயோன்னு இருக்குதாம். அது அழுதா எழுந்துக்கணும்னு தெரியுதாம். ஆனா எழுந்துக்க முடியலங்கறா. கெணத்துக்கிட்டப் போக பயமா இருக்குங்கறா. புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு அங்க நிக்கவே கூடாதுன்னு இருக்கறாளாம். இத யாருகிட்ட சொன்னாலும் என்னை அம்மான்னே ஒத்துக்க மாட்டாங்கங்கறா."

டிவியில் அந்தப் பெண் தன் அப்பாவின் செருப்பு ரோட்டில் கிடந்ததைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். கிணறு இல்லை. குழந்தையும் இல்லை.

"ஐயோ, கைப்புள்ளக்காரியா அவ?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "புள்ளயக் காமிக்கவே இல்லையே?"

"ஊர்ல இருக்கு" என்றாள் மருமகள்.

கூடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். வீட்டுக்கார அம்மா வாசற்படி ஓரமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் உருது தெரியும். டிவியில் என்ன பேசினார்கள், மருமகள் என்ன சொன்னாள் என்று அவருக்கும் தெரியும். அவர் தலையைத் தூக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாடகத்தின் முடிவில் பெண் டாக்டர் நோயாளியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட, அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடந்துட்டாளா?" என்று கேட்டாள். "நடந்துட்டா" என்றாள் மருமகள். உள்ளே தூளியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கார அம்மாதான் போய்த் தூக்கினார்.

மாடிக்கு வந்து சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் வாளியையும் சேர்த்து இறைத்தவள் இப்போதெல்லாம், "அக்கா, ஆபீஸ் போகுமுன்ன எங்களுக்கும் ரெண்டு வாளி எறைச்சு வச்சுடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். ஒருநாள் மொட்டை மாடியில் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடியில் போடாமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டதும், "வெயில் நல்லா இருக்குல்லக்கா" என்றாள். அன்றைக்கு மேகமூட்டமாக இருந்தது.

மத்தியானம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் குடிவந்த பிறகு அவர் மாடிக்கு ஏறி வந்ததே இல்லை. மூச்சு வாங்க வந்து பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டி, காலைல டிவில வந்துச்சே. அந்தப் பொண்ணு அவ அத்தாவப் பத்தித்தான் பேசுச்சு. இவ சொன்னது அதுல இல்ல."

"எனக்கும் தெரியும்மா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆபீஸ் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவர் அழுத அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை.

"யா அல்லா. நான் சோம்பேறின்னு நெனச்சேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பறம் கண்ணேறா இருக்குமோன்னு ஓதிப் பாத்தேன், தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டிட்டு வந்தேன். எங்கூட ஒரே வீட்டுல, ஒரே சட்டில சாப்புடுறா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சந்து சனம் பூராத்துக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டா."

"உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்லிருப்பாம்மா. உருதுல உங்ககிட்ட நேரா சொல்ல முடியாததத் தமிழ்ல எங்ககிட்ட சொல்லிருக்கா."

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ கேளு பேட்டி" என்றார். "நான் கேட்டா ஒண்ணுமில்லம்பா. மாமியாகிட்ட வேற என்ன சொல்லுவா."

மறுநாள் காலையில் நான் தண்ணீர் இறைக்கப் போனபோது அவள் கிணற்றடிக்கு வராமல் அடுப்படி வாசலிலேயே நின்றாள். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. தமிழில் கேட்டால் மழுப்பிவிடுவாள் என்று தோன்றியது. என் ஆபீஸ் இந்தியில், தப்போ சரியோ, "உஸ் மே பச்சா நஹீ தா" என்றேன். அந்த நாடகத்தில் குழந்தையே இல்லை.

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் புரியுமாக்கா? அப்ப நான் வேணும்னே பொய் சொன்னேன்னு நெனைச்சீங்களா?"

"பொய்யின்னு நெனைக்கல."

"நான் வேணும்னு சொல்லலக்கா. அவ வாயத் தொறந்தா, எனக்கு இதான் கேட்டுச்சு." பிறகு மெதுவாக, "நான் கெட்டவளா?" என்று கேட்டாள்.

 வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் போன புதிதில் நான் இருந்த விதத்தைச் சொன்னேன். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பேன். கண்டக்டர் எழுப்புவது மாதிரி தொட்டுச் சொல்லுவார். நான் தூங்கியிருக்க மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பேன். இதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"யாருகிட்டயும் சொல்லலையாக்கா?"

"சொல்றதுக்கு யாரு இருந்தா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் அந்தக் காலை வெயிலிலும் சில்லென்று இருந்தன. "டிவில வந்த மாதிரி ஒரு டாக்டரு நம்ம ஊர்லயும் இருப்பாங்க. நான் விசாரிக்கிறேன். நீ வாரியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

விசாரிப்பதும் அவ்வளவு எளிதாக இல்லை. ஆபீஸில் ஒருவருடைய மனைவிக்கு முன்பு மனசு சம்பந்தமான வைத்தியம் பார்த்தது எனக்குத் தெரியும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்தவர்களுக்கு என்று கேட்டேன். விலாசத்தைச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுகிற விதம் மாறிவிட்டது. கண்ணாடிச் சாமானைக் கையில் எடுப்பது மாதிரி பேசுவார். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

லீவு போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் குழந்தையும் ஆட்டோவில் போனோம். சந்தில் கேட்டவர்களிடம் குழந்தைக்குத் தடுப்பூசி என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். டாக்டர் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டிருந்தது. நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொதுவாக ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காருபவர், உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டுவிடுவார். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. மருமகள் புர்காவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் அரைக்கைச் சட்டை போட்ட, களைத்துப்போன மனிதர். டிவி டாக்டர் மாதிரி கட்டிலில் உட்காரவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார். தூங்குகிறாயா, பசிக்கிறதா, எப்போதிலிருந்து, வீட்டில் யாரிடம் பேசுவாய். அவள் முதலில் ஆமாம், இல்லை என்றாள். பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கார அம்மா அதை மறுபடியும் கேட்க முடியாமல் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"புள்ள பெத்த நெறையப் பேருக்கு இது வரும்மா" என்றார் டாக்டர். "வெளிய சொல்றதில்ல, அம்புட்டுத்தான். கெட்டவங்களுக்கு வர்ற வியாதி இல்ல இது. கொஞ்ச நாள் ஆகும், சரியாயிரும்." பிறகு வீட்டுக்கார அம்மாவிடம், "திட்டாதீங்க. நல்லாத் தூங்க விடுங்க. தனியா மட்டும் விடவே கூடாது, ராத்திரியிலயும் பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"மாடியில குடியிருக்கேன் சார்."

"நீங்க தூங்குறீங்களா?"

தூங்குகிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.  என் கணவர் போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் உண்டு. தூங்குகிறாயா என்று யாரும் கேட்டதில்லை.

ஆட்டோவில் வரும்போது மருமகள், "டிவில மாதிரி இவரு ஒண்ணுமே பேசலையே" என்றாள்.

"டிவில அரை மணி நேரத்துல முடிக்கணும்ல" என்றார் வீட்டுக்கார அம்மா. அவள் புர்காவுக்குள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்திருக்கலாம்.

ராத்திரியில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னதால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தேன். ஒரு பக்கம் வீட்டுக்கார அம்மாவும் குழந்தையும், நடுவில் அவள், இந்தப் பக்கம் நான். கிணற்றுக்குத் தகரம் அடித்த ஒரு மூடி செய்து போட்டோம். கேட்டவர்களிடம் பூனை விழுகிறது என்று சொன்னோம்.

மருந்து உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. முதல் சில நாட்கள் அவள் எந்நேரமும் தூங்கினாள். எழுந்தால் அழுதாள். "எப்பக்கா சரியாகும்?" என்று தினமும் கேட்பாள். ஒருநாள் மாத்திரை வேண்டாம் என்று துப்பிவிட்டாள். வீட்டுக்கார அம்மா திட்ட வாயெடுத்து, டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டு வந்தார். நான் ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்தி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் நான் நன்றாகத் தூங்கினேன். பக்கத்தில் மூன்று பேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் குழந்தை சிணுங்கும், வீட்டுக்கார அம்மா உருதுவில் ஏதோ முணுமுணுத்துத் தட்டிக்கொடுப்பார். மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆபீஸில் மணி பார்த்துக்கொண்டே இருப்பேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று. அப்படி ஒரு அவசரம் எனக்கு அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் இருந்ததில்லை.

அவளுக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது என்பதை ஒரு சாயங்காலம் தெரிந்துகொண்டேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் கத்துகிற சத்தம் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். குழந்தை அவள் கம்மலைப் பிடித்து இழுத்திருக்கிறது. காது சிவந்திருந்தது. "விடுடி கழுதை! அம்மா காது என்ன ஒனக்கு வெளையாட்டு சாமானா?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவள் அதன் கையைப் பிடித்து ஓர் அடி அடித்துவிட்டு, அடித்த இடத்திலேயே முத்தம் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறையப் பெண்கள் இருக்கும்போது, "இனிமே நான் சொல்ல மாட்டேன். மாடி அக்காவுக்கு இந்தி தெரியும், அவங்க சொல்லட்டும்" என்று என்னை மாட்டிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா, "அடிப்பாவி, இம்புட்டு நாளா மண்ணு மாதிரி உக்காந்துருந்தியே" என்று என் தோளில் அடித்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வசனம் போய்விடும். டாக்டர் செத்தவரைப் பற்றிப் பேசும்போது நான் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேனாம். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரிக்கச் சிரிக்க, இனிமேல் ராத்திரியில் பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் என் பாயைச் சுருட்டி மாடிக்குக் கொண்டு போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. "ஏங்க்கா, இங்கயே படுங்களேன்" என்றுகூட அவள் சொன்னாள். "இல்ல, அங்க காத்து நல்லா வரும்" என்றேன். அன்று ராத்திரி மாடியில் எந்தச் சத்தமும் இல்லை.

அடுத்த வருஷம் கணவன் வந்தான். குழந்தை அவனைப் பார்த்து அலறியது. இரண்டே நாளில் அவன் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்றது. குடும்பத்தோடு அங்கே இருக்க அனுமதி வாங்கியிருந்தான். மெட்ராஸ் ரயிலில் அவர்களை ஏற்றிவிட நானும் வீட்டுக்கார அம்மாவும் போயிருந்தோம். ஜன்னல் வழியாக அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ரயில் நகரும்போது உருதுவில் ஏதோ சொன்னாள். என்ஜின் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

கொஞ்ச காலத்தில் எனக்கும் விருதுநகருக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்கார அம்மா ஒரு டப்பா நிறைய அல்வா கிண்டிக் கொடுத்து, "வந்து வந்து போ பேட்டி" என்றார். பெருநாளுக்குப் பெருநாள் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அப்படி ஒரு நோன்புப் பெருநாளைக்குப் போனபோது அவள் விடுப்பில் வந்திருந்தாள். உடம்பு பூசினாற்போல் இருந்தது. கையில் ஒரு மகன். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, பாவாடையும் பல்லுமாக ஓடிக்கொண்டிருந்தது. "இவங்கதான் மாடி ஆண்டி, சலாம் சொல்லு" என்றாள். அது சொல்லிவிட்டு ஓடிப் போயிற்று.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே வெயில் எப்படி, விமான டிக்கெட் எப்படி ஏறிவிட்டது, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். என் ஆபீஸைப் பற்றிக் கேட்டாள். பேச்சு எங்கேயாவது அந்த வருஷத்துப் பக்கம் போனால், டீ எடுத்துவரவோ மகளைக் கூப்பிடவோ எழுந்துகொண்டாள். முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கிணறு ஞாபகம் வரும். மறக்க வேண்டியதைத் தெரிந்துவைத்திருக்கிற ஆளை யாருக்குத்தான் அடிக்கடி பார்க்கத் தோன்றும். அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் போதுமானதாகவும் இருந்தது.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வாரேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வாசல்வரை வந்து, "அடுத்த தடவ வர்றப்போ சொல்லி அனுப்பறேன்க்கா" என்றாள். பஸ் ஸ்டாண்டில் பெருநாள் கூட்டம். விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனசில்லாமல் ஊர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.